கருவாட்டுக் கிடங்கில் ஒரு மீன்பல்லி

ஆரல்வாய்மொழிச் சோதனைச் சாவடியில் அந்த அதிகாரி என் சாக்குக்குள் விரலை விட்டு, வெள்ளை மாவைத் தொட்டு, நாக்கில் வைத்துவிட்டார். "ஐயோ, வேண்டாம்!" என்று நான் கத்திய கத்தலில், பஸ்ஸின் பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட எழுந்து உட்கார்ந்தார்.

அது தின்கிற மாவு அல்ல. ஆஸ்பத்திரியில் கைகால் முறிந்தவர்களுக்குக் கட்டுப் போடுகிற பிளாஸ்டர் மாவு. ஐம்பத்திரண்டாம் ஆண்டு தை மாதம் அது. திருநெல்வேலிப் பக்கமிருந்து திருவிதாங்கூர்-கொச்சி எல்லைக்குள் அரிசியும் மாவும் கடத்துகிறவர்களைப் பிடிப்பதற்காகவே அந்தச் சாவடியில் ஆள் நின்றது. எனக்கு அது தெரியாது. கொழும்பிலிருந்து ஒரு சாக்கு மாவோடு வந்து இறங்கியவனை அவர்கள் வேறு எப்படிப் பார்ப்பார்கள்?

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, பாதி மலையாளமும் பாதி தமிழுமாக, இது என்ன மாவு என்று கேட்டார்.

"எலும்பைச் சுத்திப் பூசுறது ஐயா. உடையாமல் கொண்டுபோக."

"யாருடைய எலும்பு?"

"ஆரின்ரை எலும்பும் இல்லை. ஒரு பல்லியின்ரை எலும்பு."

"பல்லிக்கு ஒரு சாக்கு மாவா? எவ்வளவு பெரிய பல்லி?"

"பத்தடி இருக்கும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் நின்ற சேவகனிடம், இந்த ஆளுக்குச் சுகமில்லை, ஏற்றி அனுப்பு என்றார். மலையாளத்தில் சொன்னாலும் எனக்கு நன்றாகவே விளங்கியது.

நான் பைத்தியக்காரன் அல்ல என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சிவகுரு. பிறந்தது யாழ்ப்பாணம்; பிழைப்பு கொழும்பில், ஒரு கல்லூரியின் உயிரியல் கூடத்தில். பட்டம் எதுவும் வாங்கியவனல்லன். எலும்புகளைச் சுத்தம் செய்வேன், ஒட்டுவேன், பார்த்துப் படம் வரைவேன். எங்கள் பேராசிரியர் அருளம்பலம் எட்டு மாதத்துக்கு முன் ஒரு சாம்பல் நிறக் கல்லைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கொழும்புப் புறக்கோட்டையில் கருவாட்டு வியாபாரம் செய்யும் மைதீன் பிள்ளை என்பவரின் கடையில் கருவாட்டுச் சிப்பத்தின் மேல் பாரமாகக் கிடந்த கல். அதற்குள் வட்ட வட்டமாக ஏதோ தெரிந்தது. தேய்ந்துபோன கிராமபோன் ஊசிகளால் மாதக்கணக்கில் குத்திக் குத்திக் கல்லை உதிர்த்தேன். பதினொரு முள்ளெலும்புகள் வரிசையாக வெளியே வந்தன. மாவுருண்டையை இரண்டு கட்டை விரல்களால் இருபுறமும் அமுக்கினால் எப்படிக் குழியுமோ அப்படி ஒவ்வொன்றும் குழிந்திருந்தது.

பேராசிரியர் பார்த்ததும் சொல்லிவிட்டார், அது மீன்பல்லி. இக்தியோசாரஸ் என்று ஐரோப்பாக்காரர்கள் பெயர் வைத்திருக்கும் வகை. உருவத்தில் மீன், ஆனால் ஊரும் பிராணிகளின் வம்சம், காற்றைத்தான் சுவாசிக்கும். மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பே அந்த இனமே இல்லாமல் போய்விட்டது. ஐரோப்பியக் கரைகளில் முழு உடம்பாகவே கிடைக்கும். எங்கள் பக்கத்தில் உதிரி எலும்பு தவிர எதுவும் கிடைத்ததில்லை. கல் குளச்சலில் கிடைத்தது என்று மைதீன் பிள்ளை சொன்னதும் பேராசிரியர் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இது யாரும் அறியாத புது வகை என்று முடிவு செய்து, கட்டுரை எழுதி, ஊரின் பெயரால் அதற்கு ஒரு பெயரும் சூட்டினார்: கொலாச்சிசாரஸ். விஞ்ஞான முறைப்படி ஒவ்வொரு பிராணிக்கும் இரண்டாவது பெயர் ஒன்றும் வைக்க வேண்டும். அதற்கு அவர் என் பெயரை வைத்தார். லத்தீன் முறையில் அது சிவகுருயி என்று வரும். என் மனைவி அதைச் சிவகுருவி என்று வாசித்துவிட்டு ஒரு வாரம் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பட்டமில்லாத ஒருவனுடைய பெயர் லண்டனில் அச்சாகப் போகிறது. இனி எந்த நாட்டில் எவர் அந்தப் பிராணியைச் சொன்னாலும் என்னையும் சொல்லியாக வேண்டும்.

ஒரு குறை இருந்தது. தலை கிடைக்கவில்லை. இதே மாதிரிக் கல் ஊரில் இன்னும் கிடக்கிறது என்று மைதீன் பிள்ளை சொல்லியிருந்தார். அவருடைய அண்ணனுக்கு ஒரு கடிதமும் வாங்கிக்கொண்டு நான் புறப்பட்டேன்.

நாகர்கோவிலில் பஸ் மாறினேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு மலை என்பது படத்தில் பார்க்கிற பொருள். இங்கே வயல் முடிகிற இடத்தில் மலை எழுந்து நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே வந்ததில், பஸ் வழியில் நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் வற்றி ஆவி பறந்தது. கண்டக்டர் இறங்கிப் போய்ப் பக்கத்துக் குளத்தில் இரண்டு தகரம் தண்ணீர் மொண்டுவந்தார். ஒன்றை ரேடியேட்டருக்கு ஊற்றிவிட்டு, மற்றதை வழிக்கு இருக்கட்டும் என்று பஸ்ஸின் கூரையில் ஏற்றினார்.

என் சாக்கும் கூரையில்தான் இருந்தது. குளச்சலில் இறங்கி அதைத் தூக்கப் போனபோது கை வழுக்கியது. தகரத் தண்ணீர் தளும்பிச் சாக்கு நனைந்து, மாவு முழுவதும் இறுகி, அம்மிக்கல் போல ஒரே கட்டியாகியிருந்தது. நான் அதைத் தட்டிப் பார்த்தேன். டொக் டொக் என்றது.

கடிதத்தை வாசித்த அலியார் பிள்ளை என்னையும் சாக்கையும் பார்த்தார். அறுபது வயதிருக்கும், தம்பியை விட நெட்டை. "கல்லு எடுக்க வந்த ஆளு கல்லோட வந்திருக்கியளே" என்றார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாருங்க, வாருங்க. முதல்ல வல்லதும் தின்னுங்க. மரச்சீனிக் கெழங்கு தின்னுவியளா? ஒங்க ஊர்ல இது உண்டுமா?" என்றார்.

எங்கள் ஊரிலும் மரவள்ளி உண்டு. ஆனால் நாங்கள் அதைக் கறி வைப்போம். இங்கே அதுதான் சாப்பாடு. அரிசி கிடைக்காத காலம். வேகவைத்த கிழங்கை மலைபோல் குவித்து, மேலே சாளை மீன் குழம்பை ஊற்றினார்கள். புளியும் தேங்காயும் மிளகாயும் சேர்ந்த அந்தக் குழம்பின் காரம் காது வரைக்கும் ஏறியது. கண்ணில் நீர் வடிய வடிய இரண்டாம் முறையும் வாங்கித் தின்றேன். முடிவில் விரலளவு மட்டிப்பழம் ஒன்று. அவ்வளவு சின்னப் பழத்தில் அவ்வளவு மணம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் கருவாட்டுக் கிடங்குக்குப் போனோம். ஓலை வேய்ந்த நீண்ட கொட்டகை. தரையில் சிமெண்டுத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் உப்பும் மீனும் மாறி மாறி அடுக்கி, மேலே பாய் விரித்து, பாய்மேல் கல் ஏற்றியிருந்தார்கள். மீனிலிருந்து நீர் பிழிந்து வெளியேற வேண்டுமல்லவா, அதற்காக. நாற்றம் முதலில் ஆளைத் தள்ளியது. கால் மணி நேரத்தில் மூக்கு செத்துப்போய்ச் சரியாகிவிட்டது.

நான் தொட்டி தொட்டியாகக் குனிந்து கல்லைப் பார்த்துக்கொண்டே போனேன். பெரும்பாலும் இந்த ஊர்க் கருங்கல். நாலாவது தொட்டியில் ஒரு சாம்பல் நிறக் கல். அதை இரண்டு கையாலும் புரட்டினேன்.

பற்கள். கூர்மையான, வரி வரியான பற்கள், நெருக்கமாக, ஒரு முழத்துக்கு மேல். அவை பதிந்திருந்த நீண்ட ஒடுங்கிய தாடை. அதன் பின்முனையில் கண் இருந்த பள்ளம், அதைச் சுற்றிப் பூவிதழ் அடுக்கினாற்போல் எலும்புத் தகடுகள். உப்பு நீர் அந்தக் கண்ணில் தேங்கி நின்றது.

நாங்கள் எட்டு மாதமாகக் கனவு கண்ட தலை, யாரோ தினமும் தூக்கி வைத்துத் தூக்கி எடுக்கிற பாரக்கல்லாகக் கிடந்தது. கடலில் மீன் தின்று வாழ்ந்த பிராணி, செத்துக் கல்லாகி, இப்போது நெத்திலியை அமுக்கிக்கொண்டிருந்தது.

"இது எங்கையிருந்து வந்தது?"

"இதா? எனக்க வாப்பா காலத்துலயே இங்க உண்டும். இனயத்துல நெறையக் கெடக்கு. அங்க சூசம்மாளுக்க வீட்டுல போய்க் கேளுங்க. அவளுக்க மாப்பிளதான் நமக்கு மீனு தாறது."

அந்தக் கல்லை எடுத்துக்கொள்ளலாமா என்று தயங்கிக் கேட்டேன். அலியார் பிள்ளை கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். "கொண்டு போங்க. ஆனா பாரம் கொறஞ்சா மீனு ஊதிப் போவும் பாத்துக்கிடுங்க. பகரம் ஒங்க கல்லை வச்சிட்டுப் போங்க" என்றார். என் பிளாஸ்டர் கட்டியை இரண்டு ஆட்கள் தூக்கிவந்து, பழம்பாயில் சுற்றி, நாலாம் தொட்டியில் வைத்தார்கள்.

மூன்றாம் நாள் இனயத்துக்குப் புறப்பட்டேன். புதுக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெற்கே நடக்க வேண்டும். சந்தை முக்கில் ஒரு சாயாக்கடை. சுவர்களில், தமிழ்நாட்டோடு எங்களைச் சேர் என்று கரியால் எழுதியிருந்தார்கள். உள்ளே சூடான பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் "தேத்தண்ணி ஒண்டு தாங்கோ" என்றதும் பேச்சு பட்டென்று நின்றது.

கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "சாருக்கு மலையாளமா?"

எனக்கு அதிர்ச்சி. நான் பேசுவதுதான் சுத்தத் தமிழ் என்று எண்ணிக்கொண்டிருந்தவன். அவர்கள் பேச்சுதான் எனக்கு மலையாளம் போல் ராகம் போட்டுக் கேட்டது. "நான் தமிழன் ஐயா. கொழும்பிலையிருந்து வாறன்" என்றேன். உடனே முகங்கள் மாறின. ஒருவருக்கு மச்சான் கொழும்பில். இன்னொருவருக்குச் சித்தப்பா கண்டியில். என்னைச் சுற்றி உட்கார்ந்து அவர்களைத் தெரியுமா என்று விசாரித்தார்கள். தெரியாது என்று சொல்லச் சங்கடமாக இருந்தது. இரண்டு சாயாவும் ஒரு பழ அப்பமும் தின்ன வைத்துத்தான் விட்டார்கள்.

நடக்கும்போது ஒன்று என் மனத்தில் உறுத்தியது. மண் செம்மண். வெட்டிய இடமெல்லாம் செம்புரைக்கல். தோண்டிய கிணற்றின் அடியில் கருங்கல், மலையிலும் அதே கருங்கல். எங்கள் சாம்பல் நிறக் கல்லைப் போல ஒரு சில்லுகூட வழியில் இல்லை. கடற்கரையில் இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இனயத்தில் கரையில் மடிவலை இழுத்து முடிந்திருந்தது. மணலில் மீனைக் கூறு கூறாகக் கொட்டி ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏலம் கூறியவர் மூச்சு விடாமல் பாடுவது போல் கூவினார். அங்கே நின்ற பெண்களில் ஒருத்தி, கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "ஆரையாக்கும் தேடுதிய?" என்று கேட்டாள். அவளேதான் சூசம்மாள். நாற்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த, உரத்த குரலுள்ள பெண். அலியார் பிள்ளை அனுப்பினார் என்றதும் வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

வீட்டு முற்றத்தில், மீன் கழுவுகிற இடத்தில், ஒரு பலகை போன்ற சாம்பல் நிறக் கல். அவள் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் மீனைக் கொட்டப் போனாள்.

"பொறுங்கோ!" என்று கத்திவிட்டேன்.

கல்லின் நடுவில் ஒரு துடுப்பு பதிந்திருந்தது. சோளக்கொண்டை மணிகள் போல் எலும்புகள் வரிசை வரிசையாக நெருங்கி, நுனி கூம்பியிருந்தது. மீன்பல்லியின் முன்னங்கை. பேராசிரியர் புத்தகத்தில் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன அதே கை. நான் முழந்தாளிட்டு அதைத் தடவினேன்.

"ஏன் ஐயா கும்பிடுதிய? அது மீனு கழுவுத கல்லுல்லா!"

"அம்மா, இது எங்கை தோண்டினது? எந்த இடம் எண்டு காட்டுவியளோ?"

"தோண்டவா? இதை ஆரு தோண்டினா? இது கப்பக்கல்லுல்லா."

"என்ன கல்?"

"கப்பக்கல்லு. கப்பல்ல வந்த கல்லு."

அவள் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். அவள் கையை உதறித் துடைத்துக்கொண்டு, செவிடனிடம் பேசுவது போல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"பண்டு சீமையிலேந்து பாய்க்கப்பலு வரும். காப்பிக்கொட்ட, கயிறு எல்லாம் ஏத்தீட்டுப் போவும். வரும்பம் வெறுங் கப்பலு. வெறுங் கப்பலு ஆடி மறிஞ்சு போவாதா? அதுக்கு அவியளுக்க ஊர்க் கல்லை அடியில போட்டுக் கொண்டுவருவாவ. இங்க வந்து தட்டீட்டு, கொளச்சல்ல போய்ச் சரக்கு ஏத்துவாவ. எனக்க மாமனாருக்க அப்பன் கண்ணால கண்டிருக்காரு. நம்ம ஊர்க் கல்லு பொளிஞ்சு வராது. இது பலவ மாதிரி வரும். அதான் ஆளு ஆளுக்கு எடுத்துட்டு வந்தாவ."

"இல்லை அம்மா. இது இந்த மண்ணுக்குள்ளை கோடி வருசமாய்..."

"இந்த மண்ணுல ஏது ஐயா இப்பிடிக் கல்லு? நீங்க வந்த வழியில ஒண்ணாவது கண்டியளா?"

நான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன்.

அவளே என்னைக் கரைக்குக் கூட்டிப் போனாள். ஊருக்கு மேற்கே, அலை பின்வாங்கும்போது மட்டும் தெரிகிற ஒரு கற்குவியல். முழங்கால் அளவு நீரில் இறங்கி நான் கைக்கு அகப்பட்டதையெல்லாம் எடுத்தேன். சாம்பல் நிறக் கல். அவற்றில் ஒன்றில் ஆட்டுக்கொம்பு போல் சுருண்ட நத்தை ஒன்று கல்லாகிப் பதிந்திருந்தது. பால்வெள்ளைத் தோல் போர்த்திய, உள்ளே கண்ணாடி போல் கறுத்த ஒரு கல். அப்படி ஒன்றை இந்தியாவிலும் இலங்கையிலும் நான் கண்டதில்லை. அப்புறம் ஒரு செங்கல். அதன் மேல் அச்சில் அழுத்திய ஆங்கில எழுத்துகள், பாதி தேய்ந்து. வெள்ளைக்காரர் புகையிலை அடைத்துப் புகைக்கிற மண்குழாய் ஒன்றின் உடைந்த துண்டு.

செங்கல் கோடி ஆண்டுக்கு முந்தியதல்ல. இத்தனையும் ஒரே குவியலில் கிடந்தன.

நான் ஈர வேட்டியோடு மணலில் உட்கார்ந்துவிட்டேன். புது வகை என்று எதுவும் இல்லை. ஆங்கிலேயர் தங்கள் கரையில் நூறு வருடமாகத் தோண்டி எடுத்துக் காட்சிக்கு வைத்திருக்கிற சாதாரண இக்தியோசாரஸ். அதைக் கப்பலின் அடியில் போட்டு உருட்டிக்கொண்டு வந்து எங்கள் கடலில் கொட்டியிருக்கிறார்கள். எட்டு மாத வேலை, பேராசிரியரின் கட்டுரை, லண்டனில் அச்சாகப் போகிற என் பெயர், எல்லாம் ஒரு மீன்காரப் பெண்ணின் நாலு வார்த்தையில் முடிந்துவிட்டது.

சூசம்மாள் பக்கத்தில் நின்று பார்த்தாள். "கல்லுக்க ஊரு எதுவானா என்ன ஐயா? நல்ல கல்லுதானே" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துப் பயந்து, வீட்டிலிருந்து ஒரு செம்பு கருப்பட்டித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் செம்பை வாங்கி மணலில் வைத்துவிட்டேன்.

குளச்சலுக்குத் திரும்பி அலியார் பிள்ளையிடம் கேட்டேன்: "இது கப்பலிலை வந்த கல் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாம? இந்தக் கரையில எல்லாவனுக்கும் தெரியும்."

"உங்கடை தம்பிக்கு?"

"அவனும் நானும் சேந்துதான் அந்தக் கல்லை வள்ளத்துல ஏத்திக் கொண்டுவந்தோம். அவனுக்குத் தெரியாதா?"

"பிறகு ஏன் அவர் எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

அலியார் பிள்ளை திருப்பிக் கேட்டார்: "நீங்க அவன்ட்ட என்ன கேட்டிய?"

எங்கே கிடைத்தது என்று கேட்டோம். இன்னும் இருக்கிறதா என்று கேட்டோம். இரண்டுக்கும் அவர் உண்மையைத்தான் சொன்னார். அந்தக் கல் அங்கே எப்படி வந்தது என்று படித்த இருவரும் எட்டு மாதத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

அன்று நான் தந்தி கொடுக்கவில்லை. மறுநாள் காலையிலும் கொடுக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் ஓடிப்போய்க் கொடுத்திருக்க வேண்டும். அலியார் பிள்ளை விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்லாண்டாம். லண்டன்லேந்து ஆரு இனயத்துக்கு வந்து சூசம்மாள்ட்ட கேக்கப் போறா?" என்றார். அவர் என் மேலுள்ள பிரியத்தில் சொன்னார். எனக்கும் அந்த எண்ணம் முந்திய நாளே வந்துவிட்டது என்பதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. நான் அப்படிப்பட்டவன் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அன்று பகல் முழுவதும் கிடங்கு வாசலில் உட்கார்ந்து, தாடையிலிருந்த உப்பை ஊசியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். எவ்வளவு அழகான பற்கள். மத்தியானம் மீன் குழம்பு வந்தது, காரம்கூடத் தெரியவில்லை. நாலு மணிக்கு ஊசியை வைத்துவிட்டு எழுந்து தபாலாபீசுக்குப் போனேன்.

அங்கே இருந்த குமாஸ்தா தந்தித் தாளை உரக்க வாசித்தார். "கல் கப்பலில் வந்தது. அச்சை நிறுத்துங்கள்." என்னை நிமிர்ந்து பார்த்து, "இது என்ன சாரே, கள்ளக்கடத்தா?" என்று கேட்டார். அச்சு என்றால் கள்ளநோட்டு என்று நினைத்துவிட்டார். கல் என்றால் வைரம். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கடைசியில் அலியார் பிள்ளையே வந்து, இவர் நம்ம விருந்தாளி, பல்லி எலும்பு பார்க்கிறவர் என்று சொன்ன பிறகுதான் அனுப்பினார்.

பதில் மறுநாள் காலையில் வந்தது. இரண்டே வரி.

"தெரியும். திரும்பி வாரும்."

நான் அதை மூன்று முறை வாசித்தேன். குமாஸ்தாவிடம் திரும்பக் கொண்டுபோய், இது எனக்குத்தான் வந்ததா என்றுகூடக் கேட்டேன்.

வரும் வழியெல்லாம் அந்த ஒற்றைச் சொல்தான் மண்டையில் ஓடியது. தாடைக்கல் என் மடியில் சாக்கில் சுற்றியிருந்தது. ஆரல்வாய்மொழியில் இந்த முறை சாக்கை அவிழ்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

கொழும்பில் பேராசிரியர் தன் அறையில் இருந்தார். மேசையில் ஒரு பெரிய உறை ஒட்டிக் கிடந்தது. லண்டன் முகவரி எழுதியிருந்தது. அச்சுக்கே போய்விட்டது என்று நான் நினைத்திருந்த கட்டுரை.

"இரும் சிவகுரு" என்றார். நான் உட்காரவில்லை.

"எப்ப தெரியும் ஐயா?"

"ஐப்பசியிலை." இழுப்பறையைத் திறந்து ஒரு சிப்பியை எடுத்து வைத்தார். கிழவனின் கால் நகம் போல் தடித்து வளைந்த சிப்பி. "உமக்குக் கல்லைத் தர முதல் நான் உடைச்சு எடுத்தது. ஐப்பசியிலைதான் ஒரு புத்தகத்திலை படம் பாத்தன். இங்கிலாந்துக் கரையிலை இது கூடை கூடையாய்க் கிடக்குமாம்."

"அப்ப ஏன் என்னை அனுப்பினியள்?"

"தலை வந்தால் ஆர் சிப்பியைப் பாக்கப்போறான் எண்டு நினைச்சன்." சிப்பியைத் திரும்ப இழுப்பறைக்குள் போட்டார். "நீர் ஒண்டும் தெரியாமல் தலையோடை வந்திருந்தால், நான் இதை அனுப்பியிருப்பன். உம்மடை தந்தி வந்த நேரம் உறை ஒட்டி வைச்சிருந்தன்."

அவர் எனக்குச் செய்த மரியாதை என்று நான் நினைத்திருந்த அந்தப் பெயர், அறிந்தே எழுதிய பொய்யின் மேல் ஒட்டப்பட்டிருந்தது. பதினாலு வருடம் அவரிடம் வேலை பார்த்தவன் நான். அந்த அறையில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. அலியார் பிள்ளையின் கிடங்கு வாசலில் நான் உட்கார்ந்திருந்த பகல் அதைத் தடுத்தது.

நான் சாக்கை அவிழ்த்துத் தாடையை மேசையில் வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் பற்களின் மேல் விரலை ஓட்டினார். பிறகு உறையை எடுத்து இரண்டாகக் கிழித்தார். தடித்த உறை, இரண்டு முறை முயல வேண்டியிருந்தது.

"கப்பலிலை வந்தது எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"இனயத்திலை மீன் விக்கிற ஒரு அம்மா."

"பேர்?"

"சூசம்மாள்."

காட்சிப் பொருட்களுக்குக் கட்டுகிற அட்டை ஒன்றை எடுத்து அவரே எழுதினார். வழக்கமாக அதை நான்தான் எழுதுவேன். இக்தியோசாரஸ், தலை. இங்கிலாந்துக் கல். கப்பல் பாரமாக வந்து குளச்சல் கரையில் கிடைத்தது. சொன்னவர்: சூசம்மாள், இனயம்.

அதற்குக் கீழே, ஆராய்ந்தவர் பெயர் எழுதுகிற வரி காலியாக இருந்தது. அவர் பேனாவை மூடிவிட்டார். நானும் எழுதவில்லை.